2005இல் அந்தக் கன்ட்ரோலரை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியுமா?

தட்டான் | சனி, இரவு 9:10

வீடு மாற்றுகிறோம். பரணில் இருந்து இறக்கிய பெட்டியில் என் கல்லூரிக்கால நோட்டு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கத்தில் 2005 ஜூலை என்று தேதி போட்டு, 'ரெவொல்யூஷன் கன்ட்ரோலர் எப்படி இருக்கும்?' என்று எழுதி இரண்டு கோடு அடித்திருக்கிறேன். கீழே நான்கு ஊகங்கள். படித்ததில் இருந்து இரண்டு நாளாக இதே யோசனைதான். இங்கே கேட்டால் நல்ல பதில் வரும் என்று இழையைத் தொடங்குகிறேன்.

அந்த நேரத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். 2005 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 கண்காட்சியில் நிண்டெண்டோ தன் அடுத்த கன்சோலைக் காட்டியது. அப்போது அதற்கு 'வீ' என்ற பெயர் வரவில்லை, ரெவொல்யூஷன் என்றுதான் சொன்னார்கள். பெட்டியைக் காட்டினார்கள், கன்ட்ரோலரைக் காட்டவில்லை. காட்டினால் மற்றவர்கள் காப்பியடித்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். செப்டம்பர் 16ஆம் தேதி டோக்கியோ கேம் ஷோ மேடையில் நிண்டெண்டோவின் அன்றைய தலைவர் சதோரு இவாடா அதைக் கையில் எடுக்கும் வரை நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. தலையில் மாட்டும் திரை வரப்போகிறது என்று யாரோ ஒரு ரசிகர் போலி விளம்பரப் படமே எடுத்து இணையத்தில் விட்டார். பலர் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

என் நான்கு ஊகங்கள் இவை. உள்ளே ஜைரோ (திரும்புவதை உணரும் சிப்) இருக்கும், சாய்த்தால் கேமுக்குத் தெரியும். பட்டன்களின் இடத்தில் தொடுதிரை இருக்கும். கைப்பிடி அதிர்வதோடு சூடாகவும் குளிராகவும் மாறும். கையால் வாள் வீசினால் திரையில் உள்ள வாளும் அதே கோணத்தில், அதே வேகத்தில் வீசும்.

முதலாவது பாதி சரி. இரண்டாவது, 2012இல் வீ யூ என்ற அடுத்த கன்சோலில் வந்தது. மூன்றாவது என் ஆசை மட்டும். நான்காவதைத்தான் இந்த இழையில் பேச நினைக்கிறேன்.

என் கட்சி இதுதான்: அசைவை உணரும் கன்ட்ரோலர் வரும் என்பதற்கான தடயம் எல்லாம் கண்ணெதிரே கிடந்தது. 2000இல் கேம் பாய் கலருக்கு வந்த ஒரு கிர்பி கேமின் கேசட்டுக்குள்ளேயே ஆக்சிலரோமீட்டர் (முடுக்கத்தையும் சாய்வையும் உணரும் சிப்) இருந்தது. கேம் பாயைச் சாய்த்தால் கிர்பி உருளும். 2004 அக்டோபரில் ஜப்பானில் வெளியான ஒரு வாரியோவேர் கேசட்டில் ஜைரோவே இருந்தது. நிண்டெண்டோ பகிரங்கமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது, நாம்தான் அதை விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிட்டோம். கூர்ந்து பார்த்திருந்தால் இவாடா மேடையேறும் முன்பே சொல்லியிருக்கலாம் என்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


ராயபுரம் ரிப்பேர் | சனி, இரவு 10:02

தம்பி, கேசட் வரைக்கும் போனீர்கள், இன்னும் ஒரு படி பின்னால் போயிருக்கலாம். கார்.

கார் மோதிய கணத்தில் ஏர்பேக் விரிய வேண்டும் என்றால், வண்டி சட்டென்று நின்றதை ஏதோ ஒன்று உணர வேண்டும். அதற்காக 1990களின் தொடக்கத்தில் அனலாக் டிவைசஸ் கம்பெனி சிலிக்கானிலேயே செதுக்கிய ஆக்சிலரோமீட்டர் சிப்பைக் கொண்டு வந்தது. உள்ளே இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்து வைத்த மாதிரி இருக்கும். ஒரு சீப்பு அசையும், மற்றது அசையாது. அசையும்போது பல் இடைவெளி மாறும், அதோடு மின்தேக்கமும் மாறும், அதை அளந்தால் வேலை முடிந்தது. காருக்கென்று லட்சக்கணக்கில் செய்யச் செய்ய விலை இறங்கியது. வீ ரிமோட்டை, அதாவது நீங்கள் சொல்லும் அந்தக் கன்ட்ரோலரைத் திறந்தால், போர்டில் உட்கார்ந்திருக்கும் ஏடிஎக்ஸ்எல்330 அதே கம்பெனிதான், அதே வம்சம்தான். அதனால் என்னைக் கேட்டால், அடுத்த கன்ட்ரோலரில் என்ன வரும் என்று அறிய கேம் பத்திரிகையைப் புரட்ட வேண்டாம். வேறு தொழிலில் எந்த சிப் மலிவாகிறது என்று பாருங்கள்.

ஆனால் உங்கள் முதல் ஊகத்துக்குப் பாதி மதிப்பெண் கொடுத்ததுகூட அதிகம். முதல் வீ ரிமோட்டில் ஜைரோவே கிடையாது. அன்றைக்கு எல்லோரும் ஜைரேஷன் கம்பெனியின் காற்றில் ஆட்டும் மவுஸைப் பார்த்துவிட்டு 'ஜைரோ, ஜைரோ' என்றார்கள். வந்தது ஆக்சிலரோமீட்டரும் ஒரு கேமராவும்.

அந்தக் கேமராவை யாருமே ஊகிக்கவில்லை. வீ கொண்டு வருகிறவர்கள் இன்றும் டிவி மேல் வைக்கும் பட்டையைக் காட்டி "சென்சார் போயிடுச்சு" என்பார்கள். நான் திறந்து காட்டுவேன். உள்ளே சென்சார் என்று எதுவுமே இல்லை. இரண்டு ஓரத்திலும் ஐந்தைந்து இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத ஒளி) எல்இடி, அதற்குக் கரன்ட் வரும் ஒரு வயர், அவ்வளவுதான். கண் இருப்பது ரிமோட்டின் மூக்கில், அந்தக் கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால். பிக்ஸ்ஆர்ட் செய்த சின்னக் கேமரா. படம் எடுத்து அனுப்பாது, தன் பார்வையில் தெரியும் வெளிச்சப் புள்ளிகளில் நான்கு வரைக்கும் 'இங்கே ஒன்று, அங்கே ஒன்று' என்று இடம் மட்டும் சொல்லும்.

ஒரு தடவை ஒரு பையன் பட்டையின் வயரை எலி கடித்துவிட்டது என்று கொண்டு வந்தான். கார்த்திகை முடிந்து இரண்டு நாள், கடையில் அகல் விளக்கு மீதி இருந்தது. டிவிக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு அகலை ஏற்றி வைத்தேன், ரிமோட்டை அவன் கையில் கொடுத்தேன். திரையில் கை அடையாளம் வந்து நின்றது. தீபத்திலும் இன்ஃப்ராரெட் இருக்கிறது, ரிமோட்டுக்கு அது போதும். அவன் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வயரைச் சேர்த்துக் கொடுத்தது பத்து நிமிட வேலை, அதற்குள் விளக்கிலேயே ஒரு ஆட்டம் ஆடிவிட்டான்.


கணக்கு வாத்தியார் | சனி, இரவு 11:15

அருமையான பதிவு, ராயபுரம் அண்ணே. தட்டானின் நான்காவது ஊகத்துக்கு நான் வருகிறேன். அது 2005இல் ஏன் நடந்திருக்கவே முடியாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. என் பிளஸ் டூ மாணவர்களுக்கு இதை வைத்துத்தான் தொகையீடு (இன்டக்ரேஷன்) சொல்லிக் கொடுக்கிறேன்.

ஆக்சிலரோமீட்டர் இடத்தை அளப்பதில்லை, வேகத்தையும் அளப்பதில்லை. ரிமோட்டை மேசையில் சும்மா வைத்தால் 1 ஜி, அதாவது பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தின் அளவு, காட்டும். மேலே தூக்கிப் போட்டால், காற்றில் இருக்கும் நேரம் முழுக்கப் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். முடுக்கத்தில் இருந்து இடத்துக்கு வர இரண்டு முறை தொகையிட வேண்டும். அங்கேதான் வினை. அளவில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 ஜி பிழை நிலையாக இருக்கிறது என்று வையுங்கள். ஒரு விநாடியில் வாள் இருக்கும் இடம் 5 சென்டிமீட்டர் தவறும். பத்து விநாடியில் 4.9 மீட்டர். ஒரு நிமிடம் ஆடினால் வாள் 176 மீட்டர் தள்ளி, பக்கத்துத் தெருவில் இருக்கும். பிழை நேரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது, சிப்பைக் கொஞ்சம் நல்லதாக வாங்கினால் தீருகிற விஷயம் இல்லை.

இன்னொன்று. ரிமோட்டைத் தட்டையாகப் பிடித்து, தலையை ஆட்டி 'இல்லை' என்று சொல்வது போல இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். ரிமோட்டைப் பொறுத்தவரை ஈர்ப்பின் திசை மாறவே இல்லை. அதனால் ஆக்சிலரோமீட்டருக்கு நீங்கள் திரும்பியதே தெரியாது. கேமரா அந்த எல்இடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தெரியும். வாள் வீசும்போது ரிமோட்டின் மூக்கு கூரையையும் தரையையும் பார்க்கிறது, எல்இடி கண்ணில் இருந்து போய்விடுகிறது. பலமாக வீசினால் சிப்பின் அளவெல்லையான 3 ஜியையும் தாண்டிவிடும்.

அதனால் முதல் தலைமுறை கேம்கள் வாளைப் பின்தொடரவில்லை, 'ஏதோ வீசினான்' என்று மட்டும் கண்டுகொண்டன. வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸை சோபாவில் சாய்ந்து மணிக்கட்டைச் சுண்டியே ஜெயிக்க முடிந்தது அதனால்தான். 2009 ஜூனில் மோஷன்பிளஸ் என்ற ஒட்டுப்பெட்டியில் ஜைரோ வந்தது. ஜைரோவுக்கு ஒரே ஒரு தொகையீடு போதும், கோணம் கிடைத்துவிடும். அதுவும் மெல்ல நகரும், ஆனால் ஈர்ப்பையும் கேமராவையும் வைத்து அவ்வப்போது இழுத்துப் பிடிக்கலாம். தட்டான் நோட்டில் எழுதிய வாள் அதோடுதான் உண்மையாக வந்தது, முதலில் அதே 2009இல் வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்டில், பிறகு 2011 நவம்பரில் ஸ்கைவார்ட் ஸ்வார்ட் கேமில். நான்கு வருடம் முந்திவிட்டீர்கள்.


நள்ளிரவு நரி | ஞாயிறு, அதிகாலை 1:40

எல்லாம் சரி. ஆனால் தட்டான் சொன்ன 'கண்ணெதிரே கிடந்த தடயம்' என்பதோடு எனக்கு உடன்பாடு இல்லை. நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்டு பின்னால் போய்த் தடயம் பொறுக்குகிறோம்.

உங்கள் நோட்டில் தொடுதிரையும் இருக்கிறது. அதற்குத் தடயம் இல்லையா? 2004 நவம்பரில் நிண்டெண்டோ டிஎஸ் தொடுதிரையோடு வந்து சக்கைப்போடு போட்டது. 2005 ஜூலையில் உட்கார்ந்து யோசித்தால், ஓரிரு கேசட்டில் இருந்த ஜைரோவை விட அதுதான் பெரிய தடயம். ஆனால் அந்த வழி 2005இல் பொய்த்தது. பொய்த்த தடயத்தை மறந்துவிட்டு, பலித்ததை மட்டும் 'கண்ணெதிரே கிடந்தது' என்றால் எப்படி?

வரலாற்றைப் படித்த ஒருவன் 2005இல் என்ன சொல்லியிருப்பான்? 1989இல் பவர் கிளவ். கையுறையில் இருந்து அல்ட்ராசவுண்ட் கிளம்பும், டிவியைச் சுற்றி மாட்டிய மூன்று மைக் அதைக் கேட்டு கை எங்கே இருக்கிறது என்று கணக்கிடும். விளம்பரத்தில் பிரமாதம், வீட்டில் குறி தப்பும். 1993இல் சேகா ஆக்டிவேட்டர், தரையில் எண்கோண வளையம் போட்டு நடுவில் நின்று கையையும் காலையும் வீச வேண்டும். 1998இல் மைக்ரோசாஃப்ட் சைட்விண்டர் ஃப்ரீஸ்டைல் ப்ரோ, சாய்த்தால் உணரும் நல்ல கன்ட்ரோலர், அதையும் யாரும் தொடர்ந்து வாங்கவில்லை. பதினாறு வருடமாக வந்ததெல்லாம் ஒதுங்கியது. 'அசைவுக் கன்ட்ரோலர் வரும், தோற்கும்' என்பதுதான் அன்றைக்கு நியாயமான ஊகம்.

ராயபுரம் அண்ணன் சொல்லும் 'மலிவான சிப்' கணக்கும் முழுக்க உதவாது. மவுஸின் அடியில் இருக்கும் ஆப்டிகல் சென்சார் 1999இலேயே கடைக்கு வந்துவிட்டது, சீக்கிரமே மலிவும் ஆகிவிட்டது. அதைக் கன்சோல் கன்ட்ரோலரின் ஓரத்தில் வைத்து, மடியில் தேய்த்து ஆடலாம் என்று நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வந்த 2025 ஜூனில்தான் பார்த்தோம். சிப் மலிவாகி இருபது வருடம் சும்மா கிடந்திருக்கிறது. எப்போது வரும் என்று சொல்லாத ஊகம் என்ன ஊகம்?


இயன்முறை | ஞாயிறு, காலை 7:25

வணக்கம். நான் கேம் அதிகம் ஆடுகிறவள் இல்லை, பிசியோதெரபிஸ்ட். இந்த இழையை என் தம்பி அனுப்பினான். ஒரு விஷயம் விட்டுப் போகிறது, அதனால் எழுதுகிறேன்.

இவாடா அன்று மேடையில் போட்ட படத்தைத் தேடிப் பார்த்தேன். அதில் கேமே காட்டவில்லை. டிவி இருக்கும் இடத்தில் கேமரா இருக்கிறது, சோபாவில் இருக்கும் மனிதர்களைப் பார்க்கிறது. தாத்தா, பாட்டி, இளம் ஜோடி. ஒருவர் மீன் பிடிக்கிறார், ஒருவர் பல் பிடுங்குகிறார், ஒருவர் இசைக்குழுவை நடத்துகிறார், இன்னொருவர் ஈ அடிக்கிறார். திரையில் என்ன இருக்கிறது என்று கடைசி வரை தெரியாது. கன்ட்ரோலரின் உருவமும் டிவி ரிமோட். ரிமோட்டைப் பார்த்துப் பயப்படும் பாட்டி உலகத்தில் இல்லை. இரண்டு கையாலும் பிடிக்கும் பத்துப் பட்டன் கன்ட்ரோலரைப் பார்த்து என் அம்மாவே கையை இழுத்துக்கொள்வார். நீங்கள் எல்லோரும் உள்ளே என்ன சிப் என்று ஊகித்தீர்கள். யார் கையில் அது போகும் என்று யாராவது ஊகித்தீர்களா?

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வீயும் பேலன்ஸ் போர்டும் இருந்தன. அது 2007 டிசம்பரில் ஜப்பானில் வந்த பலகை, மேலே ஏறி நின்றால் நான்கு மூலையிலும் எடை அளக்கும். பக்கவாதம் வந்தவர்கள் தெரியாமலே எடை முழுவதையும் நல்ல காலில் போட்டு நிற்பார்கள். "இடது காலில் ஊன்றுங்கள் ஐயா" என்று நூறு முறை சொன்னாலும் பயம் விடாது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அப்படித்தான் இருந்தார். போர்டில் ஏற்றி, திரையில் உருளும் பந்தைக் குழிக்குள் தள்ளச் சொன்னேன். பந்து இடது பக்கம் போக வேண்டும். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு பந்தையே பார்த்தார், இடது முட்டி நடுங்கியது, ஊன்றினார். பந்து விழுந்தது. காலை ஊன்றினோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை, "அடுத்தது போடும்மா" என்றார்.

தொழில்முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். தோளுக்கு மேலே கையை உயர்த்திப் பிடிப்பது சில நிமிடத்திலேயே தசையைச் சோர்வாக்கும், ஆரோக்கியமானவருக்கும்தான். சிகிச்சைக்கு அது நல்லது. இரவு மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு நல்லதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.


தட்டான் | ஞாயிறு, காலை 10:30

இயன்முறை அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்தத் தலைமையாசிரியர் இப்போது எப்படி இருக்கிறார்?

நரி சொன்ன டிஎஸ் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நான் தடயத்தைப் பொறுக்கியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் என் நோட்டில் எங்கே தப்பு என்று இப்போது தெரிகிறது. சிப்பை ஓரளவு சரியாகவே சொன்னேன். கை என்ன செய்யும் என்பதைத்தான் தப்பாகச் சொன்னேன். மனிதன் வாள் வீசத் துடிக்கிறான், மணிக்கணக்காக வீசுவான் என்று நினைத்தேன்.

செய்தவர்களாலேயே கையை ஊகிக்க முடியவில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. வீ 2006 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த மாதமே ரிமோட்டின் மணிக்கட்டுக் கயிற்றை மாற்றித் தர வேண்டி வந்தது. 32 லட்சம் கயிறுகள். 0.6 மில்லிமீட்டர் கனம் இருந்ததை 1 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். மக்கள் பந்து வீசும் வேகத்தில் ரிமோட்டை விட்டுவிட, கயிறு அறுந்து டிவிக்குப் போனது. மறு வருடம் சிலிக்கான் உறை வேறு போட்டுக் கொடுத்தார்கள். அத்தனை சோதனை செய்து பார்த்த நிறுவனத்துக்கே, சாதாரண வீட்டில் ஒரு மாமா எவ்வளவு பலமாக பௌலிங் போடுவார் என்று தெரியவில்லை. அதே மாமா ஒரு மாதம் கழித்து மணிக்கட்டை மட்டும் சுண்டுவார் என்பதும் தெரியவில்லை.


நள்ளிரவு நரி | ஞாயிறு, பகல் 12:05

இப்போது நாம் ஒரே பக்கம் வந்துவிட்டோம், தட்டான். கையைப் படிக்காமல் சிப்பை மட்டும் துரத்தியவர்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

2006 மே இ3இல் சோனி திடீரென்று சிக்ஸாக்சிஸைக் காட்டியது. பார்க்க அதே பழைய கன்ட்ரோலர், உள்ளே மூன்று அச்சு ஆக்சிலரோமீட்டரும் ஒரே ஒரு ஜைரோவும். அதிர்வை எடுத்துவிட்டார்கள், அசைவு உணர்வோடு அது ஒத்துப்போகாது என்றார்கள். அதிர்வு காப்புரிமைக்காக இம்மர்ஷன் கம்பெனியோடு வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. 2007 மார்ச்சில் வழக்கு சமரசமானது, அதே வருடக் கடைசியில் ஜப்பானில் வந்த டூயல்ஷாக் 3இல் அசைவும் அதிர்வும் ஒன்றாகவே இருந்தன. இடையில் லேர் என்ற கேமில் டிராகனைக் கன்ட்ரோலரைச் சாய்த்துத்தான் ஓட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். ஆடியவர்கள் நொந்துபோனார்கள், 2008இல் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கால் ஓட்டும் வசதியை அப்டேட்டாகக் கொடுத்தார்கள்.

அப்புறம் கைனெக்ட், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு வந்த, உடம்பின் அசைவைப் பார்க்கும் கேமரா. 2010 நவம்பரில் வந்து முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. 'இனி கன்ட்ரோலரே தேவையில்லை, உடம்புதான் கன்ட்ரோலர்' என்று எழுதாத பத்திரிகை இல்லை. நானும் இன்னொரு மன்றத்தில் பக்கம் பக்கமாக அப்படி எழுதியவன்தான். 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு கட்டாயம் சேர்த்து 499 டாலருக்கு விற்றார்கள், மறு வருடமே கைனெக்ட் இல்லாமல் 399க்குக் கொடுத்தார்கள், 2017இல் தயாரிப்பே நின்றது. வெறும் காற்றில் கையை நீட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு சலிப்பு என்பதை அந்த எண்கள் எதுவும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வீயிலும் அதே கதைதான். வீ 10 கோடிக்கு மேல் விற்றது, அடுத்து வந்த வீ யூ 1 கோடியே 35 லட்சத்தில் நின்றுபோனது. 2008இல் நேர்கோடு போட்டு நீட்டியிருந்தால் எங்கே போயிருக்கும்?


ராயபுரம் ரிப்பேர் | ஞாயிறு, மதியம் 2:20

நரி சாருக்கு ஒன்று சேர்க்கிறேன். முதல் கைனெக்டின் கண்ணைச் செய்தது பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனி. அறை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் புள்ளிகளைத் தெளித்து, புள்ளி எப்படிக் கலைகிறது என்று பார்த்து ஆழத்தை அளப்பார்கள். 2013இல் ஆப்பிள் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2017இல் ஐபோன் டென்னில் முகத்தைக் காட்டினால் பூட்டு திறந்ததே, அதுவும் புள்ளி தெளிக்கும் அதே வித்தைதான். கைனெக்ட் நின்ற வருடமும் அதே 2017. காரில் இருந்து கன்ட்ரோலருக்கு ஒரு பாகம் வந்தது, கன்ட்ரோலர் பக்கத்தில் இருந்து போனுக்கு ஒன்று போனது. என் கணக்கு இரண்டு பக்கமும் ஓடும் என்று சொல்ல வந்தேன். எப்போது என்று சொல்லாது, அது நரி சார் சொன்னதுபோலக் குறைதான்.


பத்தொன்பது | ஞாயிறு, மாலை 5:45

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்தது வீ வந்ததற்கு அப்புறம். நீங்கள் எல்லோரும் அசைவுக் கன்ட்ரோலர் செத்துப்போன மாதிரிப் பேசுகிறீர்கள், எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நான் தினமும் அதில்தான் ஆடுகிறேன்.

நிண்டெண்டோவின் சுடும் கேமான ஸ்பிளாட்டூன் ஆடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2015இல் வந்த முதல் கேமில் இருந்தே ஜைரோவால்தான் குறி பார்ப்பார்கள். பெரிய திருப்பத்துக்குக் கட்டைவிரல், வலது ஸ்டிக். கடைசி ஒரு அங்குலத் திருத்தத்துக்கு மணிக்கட்டு. கன்ட்ரோலர் மடியிலேயே இருக்கும், முழங்கை நகராது, பார்க்கிறவருக்கு நான் அசைத்ததே தெரியாது. ஸ்டிக்கை மட்டும் வைத்து ஆடும் நண்பனோடு போட்டி போட்டால் தூரத்து இலக்கில் நான்தான் முந்துவேன். கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற கேம் செயலியில் சோனியின் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரை இணைத்து, ஸ்டிக்கைத் தொட்டால் மட்டும் ஜைரோ வேலை செய்யும்படி அமைத்திருக்கிறேன். கை கோணலாகிவிட்டால் விரலை எடுத்து, நேராக்கி, மறுபடி வைப்பேன். மவுஸைத் தூக்கி வைப்பது மாதிரி.

எக்ஸ்பாக்ஸின் வழக்கமான கன்ட்ரோலரில் ஜைரோ இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். அங்கே ஆடும்போது கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது.

கணக்கு வாத்தியார் சார், ஒரு கேள்வி. பிழை நேரத்தோடு வளரும் என்றீர்களே, எனக்கு ஏன் அது தெரியவே இல்லை?


கணக்கு வாத்தியார் | ஞாயிறு, மாலை 6:30

நல்ல கேள்வி, தம்பி. உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. நீங்கள் ஜைரோவிடம் 'நான் எங்கே இருக்கிறேன்' என்று கேட்கவில்லை, 'இப்போது எவ்வளவு திரும்பினேன்' என்று மட்டும் கேட்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் அரை விநாடி, ஒரு விநாடி. அதற்குள் பிழை வளர நேரமில்லை. மீதி இருக்கும் சின்னப் பிழையை உங்கள் கண் திரையில் பார்த்து, கையே திருத்திவிடுகிறது. விரலை எடுத்து மறுபடி வைக்கும்போது பழைய கணக்கு மொத்தமும் அழிந்து புதிதாகத் தொடங்குகிறது. வாள் கேமுக்கு அந்தச் சலுகை கிடையாது, அது எந்நேரமும் முழு உண்மையைக் கேட்கிறது.

2005இல் இதே சிப்பைக் கொடுத்து என்னிடம் கேட்டிருந்தால் இந்தப் பயன்பாட்டை நான் சொல்லியிருக்க மாட்டேன். குறி பார்க்கும் கடைசி அங்குலத்துக்காகவா இத்தனை பாடு என்று தோன்றியிருக்கும்.


தட்டான் | ஞாயிறு, இரவு 9:00

பத்தொன்பது தம்பிக்கு நன்றி. என் நோட்டில் இல்லாத ஐந்தாவது ஊகம் உங்களுடையது. பலித்ததும் அதுதான்.

சரி, புதிதாக ஒன்று எழுதி வைக்கிறேன், பத்து வருடம் கழித்து யாராவது இந்த இழையைத் தோண்டி எடுக்கட்டும். மணிக்கட்டுப் பட்டை. மணிக்கட்டில் ஓடும் தசை மின்சாரத்தைப் படித்து, விரல் அசைவதைக் கண்டுபிடிக்கும் வித்தை. சிடிஆர்எல்-லேப்ஸ் என்ற கம்பெனியை ஃபேஸ்புக் 2019இல் வாங்கியது, 2025 செப்டம்பரில் திரை வைத்த கண்ணாடியோடு 799 டாலருக்கு அந்தப் பட்டையை விற்பனைக்கு வைத்தார்கள். இன்றைக்கு விலை அதிகம். ராயபுரம் அண்ணன் கணக்குப்படி, கண்ணாடிக்காகவும் கைக்கடிகாரத்துக்காகவும் லட்சக்கணக்கில் செய்தால் இறங்கும். கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கையிலேயே அதைக் கட்டிக்கொள்வோம் என்பது என் ஊகம். காற்றில் விரலை ஆட்டி ஆட மாட்டோம். பட்டன் மேல் இருக்கும் விரல் எவ்வளவு அழுத்தத் தயாராகிறது என்பதை அது படிக்கும். கை மடியிலேயே இருக்கும்.


இயன்முறை | ஞாயிறு, இரவு 9:50

தசை மின்சாரத்தை நாங்கள் தோலில் ஒட்டும் பட்டைகளால் அளப்போம். வியர்வை, பட்டை கொஞ்சம் நகர்வது, ஒவ்வொருவர் கொழுப்பு அடுக்கு, எல்லாம் அளவை மாற்றும். அதைத் தாண்டினார்கள் என்றால் எனக்கு இரண்டு மடங்கு சந்தோஷம். விரலை அசைக்கவே முடியாதவருக்கும் தசையில் சின்னத் துடிப்பு மிச்சம் இருப்பது உண்டு. அந்தத் துடிப்பை வைத்து அவர் பேரனோடு ஒரு கேம் ஆடினால் போதும், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டான், உங்கள் ஊகத்தில் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

தலைமையாசிரியர் கேட்டிருந்தீர்களே. கைத்தடியோடு தனியாக நடந்துதான் வீட்டுக்குப் போனார்.


பத்தொன்பது | திங்கள், இரவு 8:15

ராயபுரம் அண்ணே, மாமா வீட்டில் பழைய வீ இருந்தது, கேட்டு வாங்கி வந்தேன். பட்டையைக் கழற்றிவிட்டு, நீங்கள் சொன்ன மாதிரி ஒரு சாண் இடைவெளியில் இரண்டு அகல் வைத்தேன். செட்டிங்ஸில் சென்சிட்டிவிட்டி பக்கத்தைத் திறந்தால் ரிமோட்டின் கண் பார்க்கும் புள்ளிகளையே திரையில் காட்டுகிறது, தெரியுமா? இரண்டு புள்ளி வந்தது, ஆனால் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஃபேனை நிறுத்தினேன், சுடர் நின்றது, புள்ளியும் நின்றது.

மூன்றாவதாக ஒரு புள்ளி ஓரத்தில் வந்து வந்து போனது. டிவிக்குப் பக்கத்து ஷோகேஸ் கண்ணாடியில் விளக்கு பிரதிபலிக்கிறது போல. ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடியை மூடியதும் அதுவும் போய்விட்டது. இப்போது அம்மா பௌலிங் போட்டுக்கொண்டிருக்கிறார், கயிற்றை மாட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.